பயிற்சி நோட்டில் இரண்டு கையெழுத்து

"பசங்க பயிற்சியே பண்றதில்லண்ணா. கேட்டா 'பண்ணேன் சார்'னு சொல்லிடறாங்க. இப்பதான் எல்லாத்துக்கும் நம்பர் வருதே, அதை வச்சு இவங்களை வழிக்குக் கொண்டுவர முடியாதா?"

தொண்டூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தம்பி ஒருவர் கேட்டார். இந்த ஊரில் பிறந்தவர். சென்னையில் கோல்ஃப் கற்றுத் தரும் இடமொன்றில் உதவிப் பயிற்சியாளராக இருக்கிறார். பெஞ்சில் இருந்த மற்றவர்களுக்குக் கோல்ஃப் என்றால் டிவியில் பார்த்த புல்வெளி, அவ்வளவுதான். ஆனால் கேள்வி எல்லோருக்கும் புரிந்தது. பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புகிறவர், தவில் சொல்லித் தருகிறவர், கபடி டீமை நடத்துகிறவர் என எல்லோர் மனத்திலும் இருக்கிற கேள்விதான் அது. அவருக்குச் சொன்னதையே இங்கே அடியிலிருந்து, அவசரமில்லாமல் சொல்கிறேன்.

தம்பி, இங்கே இருப்பவர்களுக்காக முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடலாம். மொத்தம் 18 குழிகள். ஒவ்வொரு குழியின் வாயும் நாலேகால் அங்குல அகலம். முந்நூறு, நானூறு கஜத்துக்கு அப்பாலிருந்து பந்தை அடித்துக்கொண்டே போய் அந்தக் குழிக்குள் விழ வைக்க வேண்டும். யார் குறைந்த ஷாட்டில் முடிக்கிறாரோ அவர் வென்றார். பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். நெடுந்தூரத்துக்கு டிரைவர், நடுத்தூரத்துக்கு இரும்பு மட்டைகள், குழிக்கு அருகில் பந்தைத் தூக்கிப் போட வெட்ஜ், ஒட்ட வெட்டிய கிரீன் என்ற புல்தரையில் உருட்டி விடப் பட்டர். அந்த உருட்டலுக்குப் பட் என்று பெயர். ஆட்டம் நம் நாட்டுக்கு வந்து நெடுங்காலமாகிறது. கல்கத்தாவில் 1829இலேயே கிளப் தொடங்கிவிட்டார்கள். கொடைக்கானல் கிளப் 1895ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஊட்டியிலும் வெல்லிங்டனிலும் மலைச்சரிவுகளில் ஆடுகிறார்கள். சென்னையில் ஜிம்கானா கிளப்பும் காஸ்மோபாலிடன் கிளப்பும் இந்த ஆட்டத்தை வளர்த்திருக்கின்றன. நம் செஞ்சிப் பக்கம் ஒரு குழிகூடக் கிடையாது. ஆனாலும் இந்த ஆட்டத்தில் பயிற்சிக் கணக்கு எப்படி எழுதுகிறார்கள் என்பதில் நமக்கும் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

உன் கேள்விக்கு வருவோம். மாணவன் வாரத்தில் ஒரு மணி நேரம் உன்னிடம் இருக்கிறான். மீதி நேரமெல்லாம் உன் கண்ணுக்கு எட்டாதது. கை பழகுவதும் பழகாமல் போவதும் அந்த மீதி நேரத்தில்தான். அடுத்த வாரம் வந்து நின்று "பண்ணேன் சார்" என்கிறான். அதை உடனே பொய் என்று எடுத்துக்கொள்ளாதே. ரேஞ்சுக்கு, அதாவது பந்தடித்துப் பழகும் திடலுக்குப் போயிருப்பான், ஒரு கூடைப் பந்தை டிரைவரால் விளாசியிருப்பான், வியர்த்திருப்பான். அவன் மனத்தில் அது பயிற்சிதான். நீ கொடுத்த வேலை வேறு, அவன் செய்தது வேறு. அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவனுக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. எண் முதலில் உதவ வேண்டிய இடம் இது.

எந்த எண்? பலரும் மொத்த ஸ்கோரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். "போன மாசம் 98, இந்த மாசம் 95, பரவாயில்லை" என்பார்கள். 95 என்பது முடிவை மட்டும் சொல்லும். எங்கே ஷாட் வீணானது என்று சொல்லாது. ஒருவன் டிரைவரால் அடித்த பந்தை மரத்துக்குள் தொலைத்து 95 ஆடியிருப்பான். இன்னொருவன் கிரீனுக்கு அழகாகப் போய்ச் சேர்ந்து, அங்கே மூன்று மூன்று பட் போட்டு 95 ஆடியிருப்பான். இருவருக்கும் ஒரே வீட்டுப்பாடம் கொடுத்தால் ஒருவனுக்கு அது வீண் வேலை. வீண் வேலை என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகள் செய்ய மாட்டார்கள். பயிற்சி நடக்காததற்குச் சோம்பலைக் குறை சொல்லுமுன், கொடுத்த வேலை அவனுக்குப் பொருந்தியதா என்று பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் மார்க் பிராடி என்ற பேராசிரியரைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் பாடம் நடத்துபவர். அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர் தன் போட்டிகளில் ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து எங்கே போனது என்பதை லேசர் கருவிகளையும் தொண்டர்களையும் வைத்துப் பதிவு செய்துவந்தது. அந்தப் பதிவுகளை அவர் அலசினார். அவருடைய கேள்வி எளிமையானது: இந்த இடத்திலிருந்து ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் பந்தைக் குழியில் போடச் சராசரியாக எத்தனை ஷாட் எடுத்துக்கொள்கிறார்? ஒவ்வொரு தூரத்துக்கும் அந்தச் சராசரியைக் கண்டுபிடித்துவிட்டால், ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனியாக விலை போடலாம். ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்டு என்று இதற்குப் பெயர். 2011 முதல் பி.ஜி.ஏ. டூர் பட்டிங்குக்கு இந்தக் கணக்கை வெளியிடத் தொடங்கியது. 2014இல் அவர் இதைப் புத்தகமாகவும் எழுதினார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். கிரீனில் 33 அடி தூரத்திலிருந்து அந்த ஆட்டக்காரர்களுக்குச் சராசரியாக 2 பட் ஆகிறது. 8 அடியிலிருந்து ஒன்றரை. அதாவது பாதி தடவை ஒரே பட்டில் விழும், மீதி தடவை இரண்டு ஆகும். இப்போது ஒருவர் 33 அடியிலிருந்து உருட்டுகிறார், பந்து குழிக்கு 8 அடி தள்ளி நின்றுவிடுகிறது. முதலில் 2 தேவைப்பட்டது, இப்போது 1.5 தேவைப்படுகிறது. ஒரு முழு ஷாட்டைச் செலவழித்து அரை ஷாட் தூரம்தான் முன்னேறியிருக்கிறார். அரை ஷாட் நஷ்டம். அடுத்து அந்த 8 அடியை ஒரே பட்டில் போட்டுவிட்டால், ஒன்றரை தேவைப்பட்ட இடத்தில் ஒன்றில் முடித்ததால் அரை ஷாட் லாபம். மொத்தத்தில் இரண்டு பட், சராசரிக்குச் சமம். பழைய முறையில் கார்டில் "2 பட்" என்று மட்டும்தான் இருக்கும். முதல் பட்டின் தூரக் கணிப்பு சரியில்லை, இரண்டாவது பட் பிரமாதம் என்ற இரண்டு செய்தியும் அதற்குள் மறைந்துபோகும். உன் மாணவனுக்கு இந்த வாரம் வேண்டியது நீண்ட பட்டின் வேகத்தைப் பழகுவது. எட்டடிப் பட்டைப் போட்டுப் போட்டுப் பழகுவதில் அவனுக்கு இப்போது லாபமில்லை. இதைச் சொல்லித் தந்தது அந்தக் கணக்கு.

பிராடியின் அலசலில் பலரையும் திரும்பிப் பார்க்க வைத்த செய்தி இன்னொன்று உண்டு. ஆட்டம் ஜெயிப்பதும் தோற்பதும் பட்டிங்கில்தான் என்று நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். சிறந்தவர்களுக்கும் சராசரி ஆட்டக்காரர்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 100 கஜத்துக்கு வெளியிலிருந்து அடிக்கும் ஷாட்டுகளில் இருக்கிறது என்று அவர் காட்டினார். பட்டிங்கின் பங்கு சுமார் 15 சதவீதம். ஆனால் இது கூட்டத்துக்கான சராசரி. உன் எதிரில் நிற்கும் ஒரு பிள்ளைக்கு இதை அப்படியே தூக்கிப் பொருத்தக் கூடாது. அதற்கு நம் நாட்டு உதாரணமே இருக்கிறது.

பெங்களூரின் அதிதி அசோக்கைத்தான் சொல்கிறேன். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஆடியபோது அவருக்கு வயது 18. டோக்கியோ ஒலிம்பிக் 2021 ஆகஸ்டில் நடந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கொரோனா வந்து உடம்பில் பலம் குறைந்திருந்தது. அம்மாதான் கேடியாக வந்து பையைச் சுமந்தார். 60 பேர் ஆடிய அந்தப் போட்டியில் தூரமாக அடிப்போர் வரிசையில் அதிதி கடைக்கோடியில் இருந்தார். மற்றவர்கள் குட்டையான மட்டையால் கிரீனைத் தொட்டபோது, அவர் பின்னாலிருந்து நீண்ட மட்டையால் அடிக்க வேண்டியிருந்தது. ஆனால் பட்டிங் கணக்கில் அந்த வாரம் அவர்தான் முதலிடம். நான்கு சுற்று முடிவில், திடலுக்குக் குறித்த கணக்கைவிட 15 ஷாட் குறைவாக (15 அண்டர் பார்) ஆடி 4ஆம் இடம் பெற்றார். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் பிளே ஆஃப் ஆடிய இருவரையும்விட ஒரே ஒரு ஷாட் பின்னால். இப்படி ஒரு மாணவி உன்னிடம் இருந்தால், "பட்டிங் வெறும் 15 சதவீதம்தான், அதை விடு" என்பாயா? அவருடைய பலம் எங்கே, ஷாட் எங்கே வீணாகிறது என்று அவருடைய எண்களே பேசும். ஊருக்கான சராசரியை வைத்து ஒரு பிள்ளைக்கு வீட்டுப்பாடம் எழுதாதே. அந்தப் பிள்ளையின் நோட்டை வைத்து எழுது.

"எங்ககிட்ட லேசரும் இல்ல, தொண்டரும் இல்லையே" என்பாய். தேவையில்லை. ஒரு சுற்று ஆடும்போது குழி ஒன்றுக்கு நாலு குறிப்பு போதும். முதல் ஷாட் அடுத்த ஷாட்டை ஒழுங்காக அடிக்கக்கூடிய இடத்தில் விழுந்ததா? அந்தக் குழிக்குக் குறித்த ஷாட் கணக்குப்படி கிரீனைத் தொட்டதா? தொடாவிட்டால், அருகிலிருந்து எத்தனை ஷாட்டில் முடித்தான்? முதல் பட் எத்தனை அடி தூரம், மொத்தம் எத்தனை பட்? தூரத்தை மட்டும் மறக்காமல் எழுதச் சொல். தூரம் இல்லாத பட் கணக்கு ஏமாற்றும். கிரீனைத் தொடாமல் தொடாமல், ஒவ்வொரு முறையும் குழிக்குப் பக்கத்தில் பந்தைத் தூக்கிப் போடுபவனுக்குப் பட் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்து அவன் நன்றாகப் பட் போடுகிறவன் என்று நினைத்துவிடுவோம்.

இனி, ஆடாத நாட்களின் கணக்கு. நீ கேட்ட பொறுப்பு பிறப்பது இங்கேதான். இதற்கு நம் ஊர் பால் சொசைட்டியைப் பார். பால் ஊற்றப் போனால் லிட்டரை மட்டுமா எழுதுகிறார்கள்? கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு அல்லாத திடச்சத்து (எஸ்.என்.எஃப்.) எவ்வளவு என்றும் பார்த்துத்தானே விலை போடுகிறார்கள். லிட்டருக்கு மட்டும் காசு என்றால் தண்ணீர் கலக்க ஆசை வரும். பயிற்சியும் அப்படித்தான். "தினம் 100 பந்து" என்று எண்ணிக்கையை மட்டும் கேட்டால் நூறும் வரும். குறி பார்க்காமல், யோசிக்காமல், சீக்கிரம் முடித்தால் போதும் என்று வரும். ஆகவே நோட்டில் இரண்டு கட்டம் வேண்டும். ஒன்றில் என்ன செய்தான், எவ்வளவு நேரம் செய்தான். இன்னொன்றில் அதனால் என்ன ஆனது. முதல் கட்டத்தை அவன் தினமும் எழுதுவான். இரண்டாவது வாரம் ஒருமுறை நடக்கும் சின்னப் பரீட்சை.

அந்தப் பரீட்சை எல்லா வாரமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஆறடியிலிருந்து, குழியைச் சுற்றி வெவ்வேறு இடங்களில் வைத்து 20 பட், எத்தனை விழுந்தன? 30 கஜத்திலிருந்து 10 வெட்ஜ் ஷாட். குழிக்கு ஒரு மட்டை நீளத்துக்குள் எத்தனை நின்றன? ரேஞ்சில் இரண்டு கொடிகளை நட்டு, அவற்றின் நடுவை ஃபேர்வே, அதாவது பந்து விழ வேண்டிய புல்பாதை என்று வைத்துக்கொண்டு 10 டிரைவர் ஷாட். எத்தனை உள்ளே போயின? இதில் அந்த மாணவனின் நோட்டு காட்டுகிற குறைக்கு ஏற்ற ஒன்றோ இரண்டோ போதும். வகுப்பு தொடங்கியதும், இரண்டு பந்துகூட அடித்துப் பார்க்குமுன், சூடு ஏறாத கையோடு இதை நடத்து. போட்டியில் யாரும் இரண்டாவது வாய்ப்பு தரப்போவதில்லை.

சூடு ஏறாத கை என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பயிற்சி நேரத்துத் திறமை நம்மை ஏமாற்றும். 1979இல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கை அசைவைக் கற்பதில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு வேலைகளை மாற்றி மாற்றிக் கலந்து செய்தது. பயிற்சியின்போது முதல் குழுதான் நன்றாகச் செய்தது. இடைவெளி விட்டுப் பரீட்சை வைத்தபோது கலந்து செய்தவர்களுக்கே கூடுதலாக நினைவில் நின்றிருந்தது. ரேஞ்சில் ஏழாம் நம்பர் இரும்பு மட்டையால் நாற்பது பந்தை ஒரே திசையில் அடிப்பவனுக்கு நாற்பதாவது பந்து பிரமாதமாகப் போகும். "வந்துடுச்சு சார்" என்று சந்தோஷமாகச் சொல்வான். திடலில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மட்டை மாறுகிறது, தூரம் மாறுகிறது. முந்தின பந்து சொல்லித் தந்த உதவி அங்கே கிடையாது. நோட்டில் "7 அயர்ன், 40 பந்து, நன்று" என்று இருந்தால் அதை நம்பிவிடாதே. மட்டையை மாற்றி மாற்றி அடித்தானா, ஒவ்வொரு பந்துக்கும் குறி ஒன்று வைத்தானா என்று கேள்.

அடுத்து, யார் எழுதுவது? மாணவன்தான், தன் கையால். 1997இல் பேரி சிம்மர்மேன், அனஸ்தாசியா கிட்சாண்டாஸ் என்ற இருவர் டார்ட் எறியக் கற்ற உயர்நிலைப் பள்ளி மாணவிகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். கை எப்படிப் போக வேண்டும், எப்படி விட வேண்டும் என்ற செய்முறையை முதலில் குறிக்கோளாக வைத்துக்கொண்டு, அது கைவந்த பிறகு மதிப்பெண்ணைக் குறிக்கோளாக மாற்றிக்கொண்டவர்கள் எல்லோரையும் முந்தினார்கள். தொடக்கம் முதல் மதிப்பெண்ணையே துரத்தியவர்கள் பின்தங்கினார்கள். செய்ததைத் தாங்களே எழுதி வைத்துக்கொண்டவர்கள், எழுதாதவர்களைவிட மேலாக வந்தார்கள். இதில் உனக்கு இரண்டு பாடம் இருக்கிறது. எழுதுவதே கற்றலின் ஒரு பகுதி. நீ ஐபேடில் அவனுக்காக எழுதிக்கொண்டால் அந்தப் பகுதி அவனுக்குக் கிடைக்காமல் போகிறது. புதிதாகக் கற்பவனின் நோட்டில் முதல் சில வாரங்களுக்கு "பிடி சரியா, தலை அசைந்ததா" போன்றவை இருக்கட்டும். மதிப்பெண் பிறகு வரட்டும்.

நம் தமிழ்நாட்டுச் செஸ் பிள்ளைகள் இதைச் சிறு வயதிலேயே பழகிவிடுகிறார்கள். நீண்ட நேர ஆட்டப் போட்டியில் நகர்த்தல்களைத் தாளில் எழுதியே ஆக வேண்டும் என்பது விதி. ஏழு வயதுக் குழந்தைகூட எழுதுகிறது. ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் குருவோடு உட்கார்வார்கள். "எங்கே தப்பு பண்ணேன்னு தெரியல சார்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை, தாள் பேசும். கோல்ஃபிலும் அந்த மரபு உண்டு. ஸ்கோர் கார்டை உடன் ஆடுபவர் எழுதுவார். ஆடியவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 1968ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்ஸோ 17ஆவது குழியை 3 ஷாட்டில் முடித்தார். கார்டை எழுதிய சக ஆட்டக்காரர் 4 என்று எழுதிவிட்டார். டி விசென்ஸோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கையெழுத்திட்ட எண் அதிகமாக இருந்தால் அதுவே நிற்கும் என்பது விதி. 65 ஆடியவருக்கு 66 ஆனது. முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு மறுநாள் பிளே ஆஃப் ஆடியிருக்க வேண்டியவர், ஒரு ஷாட்டில் பட்டத்தை இழந்தார். தன் எண்ணுக்குத் தானே பொறுப்பு என்ற கறார் இந்த ஆட்டத்தின் எலும்பிலேயே இருக்கிறது. பயிற்சி நோட்டுக்கும் அதே மரியாதையைக் கொடு.

இனி, நோட்டை வாசிப்பது எப்படி என்று சொல்கிறேன். இங்கேதான் நல்ல பயிற்சியாளர்களும் தடுக்கி விழுகிறார்கள். போன வாரம் 10க்கு 7 பட் போட்டவன் இந்த வாரம் 4 போடுகிறான். "பயிற்சியே பண்ணல போல" என்று வாய் வரை வந்துவிடும். கொஞ்சம் பொறு. ஓர் இடத்திலிருந்து பாதி பட்டைப் போடக்கூடிய திறமை ஒருவனுக்கு இருக்கிறது என்று வை. அவன் 10 பட் போட்டால் எப்போதும் 5 விழாது. திறமை கொஞ்சமும் மாறாமலே, பத்தில் ஒன்பது தடவை 3க்கும் 7க்கும் இடையில் ஏதோ ஓர் எண் வரும். அதாவது 7 வந்த வாரமும் 4 வந்த வாரமும் அவன் ஒரே ஆளாக இருந்திருக்கலாம். 7 வந்தபோது பாராட்டி 4 வந்தபோது திட்டினால், அதிர்ஷ்டத்தைப் பாராட்டி அதிர்ஷ்டத்தைத் திட்டியிருக்கிறாய். 10க்குப் பதில் 20 போடச் சொன்னதும், ஒரு வாரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதே என்பதும் இதனால்தான். நாலைந்து வாரத்து எண்களைச் சேர்த்துப் பார். ஆட்டக்காரரின் திறமையை ஓர் எண்ணால் குறிக்கும் ஹேண்டிகேப் முறையே இந்த நிதானத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. 2020இல் உலகம் முழுவதற்கும் பொதுவாக வந்த முறையில், ஒருவரின் கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8ஐ எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். ஒரு நல்ல நாளும் ஒரு கெட்ட நாளும் ஆளை நிர்ணயிப்பதில்லை.

எண்கள் அதிகமானாலும் தொல்லைதான். டிராக்மேன் போன்ற ரேடார் கருவி ஒரு ஷாட்டுக்கே பந்தின் வேகம், சுழற்சி, எழும் கோணம், மட்டை வந்த பாதை என்று திரை நிறைய எண்களைக் கொட்டும். உனக்கு அது வரப்பிரசாதம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் அதைக் காட்டினால், பந்தை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்து ஆடப் பழகிவிடும். 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் செஸ் சாம்பியனான குகேஷை, அவருடைய குரு விஷ்ணு பிரசன்னா வளரும் பருவத்தில் கம்ப்யூட்டர் எஞ்சினைத் தொட விடாமல் வைத்திருந்தது எல்லோரும் அறிந்த செய்தி. எஞ்சின் விடையைச் சொல்லிவிட்டால் பிள்ளை தானாக யோசிக்கும் பழக்கம் நின்றுவிடும் என்பதுதான் அந்த யோசனை. கருவியை எறிந்துவிடச் சொல்லவில்லை. பார்க்கிறவன் நீயாக இரு. பிள்ளைக்கு அந்த மாதத்துக்கு ஓர் எண், மிஞ்சினால் இரண்டு கொடு. அதுவும் "பந்து எங்கே போச்சுன்னு நீ நினைக்கிறே?" என்று முதலில் அவனைக் கேட்டுவிட்டுக் கொடு.

இன்னும் சிலவற்றை விட்டுவிட வேண்டும். எல்லோருடைய எண்களையும் சுவரில் ஒட்டி வரிசைப்படுத்தாதே. முதலில் இருப்பவன் பயிற்சியைக் கூட்ட மாட்டான். கடைசியில் இருப்பவன் வருவதை நிறுத்துவான். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடாதே. அன்று ராத்திரி வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அது தண்டனையாக மாறும். தண்டனை வரும் என்று தெரிந்த நாளிலிருந்து நோட்டில் பொய் எழுதப்படும். பொய் எழுதிய நோட்டு, நோட்டே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் நீ அதை நம்பி அடுத்த பாடத்தை வகுப்பாய். செயலியிலோ கம்ப்யூட்டரிலோ பிள்ளைகளின் விவரத்தைச் சேர்ப்பதாக இருந்தால் பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் வாங்கிக்கொள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதைக் கேட்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் அது நாம் காட்ட வேண்டிய மரியாதை.

சரி, நோட்டு வெறுமையாக வந்தால்? நீ முதலில் கேட்டது இதைத்தானே. வெறும் பக்கமும் ஒரு செய்தி. "ஏன் பண்ணல?" என்று கேட்டால் தலை குனிவான். "எந்தக் கிழமை பண்ணலாம்னு இருந்தே, அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் வாய் திறப்பான். பரீட்சை இருந்திருக்கும். ரேஞ்சுக்குக் கொண்டுவிட ஆள் இருந்திருக்காது. ஒரு கூடைப் பந்துக்குக் கொடுக்கக் காசு இருந்திருக்காது. கோல்ஃப் கற்க வருகிறவர்கள் எல்லோரும் வசதியானவர்கள் என்று நாமே நினைத்துக்கொள்ளக் கூடாது. கேடியாகப் பை தூக்கி வளர்ந்த பெங்களூர் முனியப்பா 2009இல் இந்தியன் ஓபனையே வென்றார். காரணம் தெரிந்தால் வேலையைச் சுருக்கலாம். வீட்டுத் தரையில் ஒரு டம்ளரைப் படுக்க வைத்துப் பத்து நிமிடம் பட் உருட்டுவது, கண்ணாடி முன்னால் மட்டைப் பிடியையும் நிற்கும் வாகையும் சரிபார்ப்பது, இவற்றுக்குத் திடல் வேண்டாம். அவனே ஒப்புக்கொண்ட பத்து நிமிடம், நீ விதித்த ஒரு மணி நேரத்தைவிட நோட்டில் நிச்சயமாக வரும். காரணமும் இல்லை, சுருக்கியும் வரவில்லை, வாரக்கணக்கில் பக்கம் வெறுமையாகவே இருக்கிறது என்றால், நோட்டை நடுவில் வைத்து அன்போடு பேச வேண்டியது ஒன்றே: "உனக்கு இந்த ஆட்டம் பிடிச்சிருக்கா, இல்ல வீட்ல சொன்னாங்கன்னு வர்றியா?" அந்தப் பதிலுக்கும் மரியாதை கொடு.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் உட்கார வைத்தேன். எண் மாணவனை மட்டும் பிடிக்கும் என்று நினைத்து இதைத் தொடங்காதே. முதல் கட்டம் நிறைந்திருக்கிறது, அவன் சொன்னபடி தினமும் செய்திருக்கிறான். ஆறு வாரமாகியும் இரண்டாவது கட்டத்தில் எண் ஏறவே இல்லை. அப்போது பதில் சொல்ல வேண்டியது யார்? நீ. வேலையைத் தவறாகக் கொடுத்திருக்கிறாய், அல்லது குறையைத் தவறாகக் கண்டுபிடித்திருக்கிறாய், அல்லது அவன் புரிந்துகொள்ளும்படி சொல்லித் தரவில்லை. நோட்டு இல்லாத காலத்தில் "பையன் பயிற்சி பண்றதில்ல" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நம் பயிற்சியாளர்கள் பலருக்கும் அந்த ஒரு வரி போதுமான கவசமாக இருந்திருக்கிறது. நோட்டு வந்ததும் அந்தக் கவசம் கழன்றுவிடும். ஆகவே வாரா வாரம் அவன் கையெழுத்துக்குக் கீழே நீயும் தேதி போட்டுக் கையெழுத்து இடு. அடுத்த வாரத்துக்கு என்ன வேலை, அது ஏன் என்று ஒரு வரி உன் கையால் எழுது. தான் எழுதியதை ஒருவர் உண்மையாகவே படிக்கிறார், அதை வைத்துத் தன் பாடத்தை மாற்றுகிறார் என்று பார்க்கிற பிள்ளை, மறுவாரம் நோட்டை நிரப்பிக்கொண்டு வரும். படிக்கப்படாத நோட்டை எந்தப் பிள்ளையும் நீண்ட நாள் எழுதாது.

பெஞ்சிலிருந்த கபடிக்காரர் "எங்க டீமுக்கு இது ஆகுமா?" என்று கேட்டார். தாராளமாக ஆகும். ரெய்டுக்கு எத்தனை முறை போனான், எத்தனை முறை தொட்டான், எந்தப் பக்கம் பிடிபட்டான் என்று நாலு கோடு போடுங்கள். நம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஓடுகிற பெண்ணுக்குத் தேதி, தூரம், நேரம், அன்று உடம்பு எப்படி என்ற நாலு கட்டம் போதும். செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும். தம்பி, நீ திங்கட்கிழமை சென்னை போனதும் எல்லோருக்கும் ஒரேயடியாகத் தொடங்காதே. ஒரு மாணவனை எடுத்துக்கொள், ஒரு குறையை எடுத்துக்கொள், ஒரு பரீட்சையை வை. ஆறு வாரம் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எண் ஏறினால் அது அவன் உழைப்பு என்று அவனிடம் சொல். ஏறாவிட்டால் பாடத்தை மாற்று.